செசிலியின் நாற்பத்திரண்டு கிலோ

ஊசிப்பாறை எஸ்டேட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, நாற்பதிலும் எண் எழுதிய கல் உண்டு, அந்த நாற்பதில் எந்த ஒன்றிலும் ஒரே திருப்பில் திரும்ப முடியாத வண்டி என்று மலையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுதான் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்து பதினான்கு வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டர், கப்பலில் கொச்சிக்கு வரவழைத்து, மலையேற்றி, ஊருக்குத் திரும்பும்போது சாவியை டிரைவர் இன்னாசியின் கையில் வைத்துவிட்டுப் போன ஸ்டேஷன் வேகன் அது. பதினெட்டடி நீளம். பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி வர்ணம். பின்சீட்டை மடக்கினால் ஒரு நோயாளி காலை நீட்டிப் படுக்கலாம், தலைமாட்டில் இரண்டு பேர் உட்காரலாம். ஸ்டியரிங் இடதுபக்கம். சமவெளியில் நேர்ரோட்டில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி மலைக்கு வந்து மாட்டிக்கொண்டது. வளைவில் திருப்பினால் உடம்பு மொத்தமும் ஒருபக்கம் சாயும், சாய்ந்தது நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், காய்ச்சலோடு ஏறியவர்கள் வாந்தியும் சேர்த்துக்கொண்டு இறங்குவார்கள். ஒவ்வொரு வளைவிலும் பாதி திருப்பி, நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்ப வேண்டும்.

இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. அதனால் இன்னாசியின் மனைவி செசிலி, ஆஸ்பத்திரி நர்ஸ், வலதுபக்கம் முன்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலில் கையை ஊன்றி, தலையை வெளியே நீட்டிப் பார்த்து "வரலாம்" என்பாள். அவள் வரலாம் என்றால் வரலாம். ஒன்பது வருஷம் அந்த ஒரு சொல்லை நம்பி இன்னாசி மலை இறங்கினான், ஏறினான்.

பத்தாவது வருஷம் செசிலிக்கே எட்டாம் மாசத்தில் வலி எடுத்தது. இன்னாசி வண்டியை எடுத்தான். நாற்பதிலிருந்து எண் குறைந்துகொண்டே வரும் அந்தப் பாதையில் பதினேழாம் வளைவில் எதிரே சிமென்ட் லாரி ஒன்று ஏறி வந்து நின்றுவிட, வண்டியைப் பின்னால் எடுத்து, முன்னால் விட்டு, மறுபடி பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டு அவன் கை வலிக்கத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது, கொஞ்ச நேரம் மூச்சு விட்டது, வண்டி வளைவைத் தாண்டியபோது மூச்சு இல்லை. கால்மணி நேரம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்த பொள்ளாச்சி டாக்டர் செசிலியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

அதற்கப்புறமும் பதினோரு மாசம் செசிலி அதே சீட்டில் உட்கார்ந்து வேலைக்கு வந்தாள். முப்பத்தொன்பது வளைவுகளில் வரலாம் என்றாள். பதினேழில் மட்டும் வாய் திறக்க மாட்டாள். இன்னாசி வண்டியை நிறுத்தி, தானே இறங்கி, நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து திருப்புவான். ஒருநாள் அவள், கடல் தாண்டி ஒரு பாலைவன நாட்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருக்கிறது என்றாள். "அங்க மலையே இல்லயாமுங்க. எல்லாம் நேர்ரோடாம்." இன்னாசி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை, அதே வண்டியில் கொண்டுபோய்ப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டான்.

மூன்று வருஷம் போனது. மாசம் ஒரு கடிதம் வந்தது, நலம், நலமறிய ஆவல், வெயில் அதிகம். புதிதாக வந்த எஸ்டேட் மேனேஜர் துரை ஒருநாள் ஆம்புலன்ஸில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி, ரோட்டோரத்தில் குந்தி வாந்தி எடுத்துவிட்டு, இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். அடுத்த வண்டி எப்ப வரும் துரை, என்று கேட்டான் இன்னாசி. கம்பெனிக்கு எழுதிப் போட வேண்டும், ஒரு வருஷமாகலாம், இரண்டாகலாம். மலையில் எண்ணூறு பேர். "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. வளைவுல சாயாமத் திரும்புற வண்டியா மாத்திக் கொண்டாரேன்," என்றான். ஆறு மாசம் என்றார் துரை.

இப்படித்தான் அந்த வேகன் கோயம்புத்தூரில் வேலுச்சாமியின் பட்டறைக்கு வந்தது. வேலுச்சாமி ரேஸ் கார்களுக்கு வேலை செய்கிறவர், வண்டியைத் தொடுவதற்கு முன்னால் எடை போடுவார், நான்கு சக்கரத்துக்கும் கீழே பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசு ஒவ்வொன்றை வைத்து, எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். வலது முன்சக்கரத்தில் நாற்பத்திரண்டு கிலோ கூடுதலாக நின்றது. தராசை மாற்றிப் பார்த்தார். வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். டாஷ்போர்டைக் கழற்றினார், கதவைக் கழற்றினார், ஒன்றுமில்லை. கடைசியில் வலது முன்சீட்டைப் பார்த்தார். காலியான சீட்டின் மெத்தை, கதவுப் பக்கமாகக் கொஞ்சம் அதிகமாக, அமுங்கியிருந்தது. கையால் தட்டி மேலே தூக்கிவிட்டால் மறுபடி மெதுவாக அமுங்கியது.

"ஏனுங்க, இங்க ஆரு உக்காருவாங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரி," என்றான் இன்னாசி. "ஜன்னல்ல கைய ஊனி உக்காருவா. அதான் அந்தப் பக்கம் அமுங்கியிருக்கு."

"தவறிட்டாங்களாக்கும்?"

"இல்ல. வெளிநாட்டுல இருக்கா."

வேலுச்சாமி மெத்தையை இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். "செரி, இருக்கறவங்கன்னா எடையும் இருக்கத்தானுங்களே செய்யும். அவிகளயும் சேத்தியே வண்டியச் சமன் பண்ணீரலாம்," என்று சொல்லிவிட்டுப் பாட்டரியைக் கழற்றி இடதுபக்கம் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

வேகன் மலைக்குத் திரும்பியதும் தேயிலை ஃபாக்டரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் நாற்பத்திரண்டுதான் கூட வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது, மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. கொழுந்து கொண்டுவரும் லாரிகளின் எடையைச் சாக்பீஸால் எழுதும் கரும்பலகையில், எடைபோடும் காளியண்ணன் கடைசி வரியாகச் செசிலி என்று எழுதி எதிரே கிலோவும் எழுதினார். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கும் வண்டியைத் தாண்டும்போது கூடையைச் சரி செய்துகொண்டு வலது ஜன்னலைப் பார்த்து, "வர்றோம் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் இருந்த காலத்தில் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அவளிடம் சொன்னவர்கள், இப்போது பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு முன்சீட்டின் முதுகைப் பார்த்துச் சொன்னார்கள், சொல்லிவிட்டு இறங்கும்போது முகம் தெளிந்திருந்தது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

வண்டியைச் சோதிக்க வந்த ஆர்.டி.ஓ. அதிகாரி, காலி வண்டியின் எடைக்கும் மேடை காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்டு, காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டி, அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் ஓரத்தில் 'நர்ஸ் ஒருவர், ஓரளவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பங்குச் சாமியாருக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழப்பமாக இருந்தது. உயிரோடு இருப்பவளுக்கு இறந்தோர் செபம் சொல்லக்கூடாது, இங்கேயே வண்டியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பயணிகள் செபமும் பொருந்தாது. மூன்றாவது ஞாயிறு, பூசைக்கு வந்தவர்களை எண்ணும்போது சர்ச் வாசலில் நின்ற வண்டியையும் பார்த்து ஒன்று கூட்டிக்கொண்டார், அதோடு குழப்பம் தீர்ந்தது.

செசிலியின் அம்மா பிரகாசி ஐந்தாம் நம்பர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பூசை முடிந்ததும் வந்து வண்டிக் கதவைத் திறந்து, மெத்தை அமுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவள் இன்னாசியைக் கேட்டாள்: "மருமவனே, இங்க ஒருத்தி ஒக்காந்திருக்கா. அப்ப அங்க என்ன ஒக்காந்திருக்கு?"

அதைத் தெரிந்துகொள்ள இன்னாசிக்கு ஆசை இல்லை. மூன்று வருஷம் தனியாக ஓட்டியவன், பக்கத்தில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டியவன், இப்போது வளைவு வரும்போது ஸ்டியரிங்கில் கைக்கு வரும் கனத்தில் அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தான். சுமை ஏற்றாமல் சும்மாவே இரண்டு வளைவு இறங்கி ஏறிவிட்டு வருவான். எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்பான். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்வான்.

வேலுச்சாமி கொடுத்தனுப்பிய வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து வந்தான். முன் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்தினான். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூட்டினான். லாரி ஷாக் அப்சார்பர்கள் மாட்டினான். முன்சக்கரம் இரண்டையும் குறுக்கே இணைக்கும் தடித்த எஃகுக் கம்பி ஒன்றை வளைத்துப் பூட்டினான், அது பூட்டிய அன்று வளைவில் வண்டி சாய்வதே நின்றுபோனது, பின்னால் படுத்திருந்த நோயாளி எஸ்டேட் தாண்டியாச்சா என்று கேட்டபோது பொள்ளாச்சி வந்திருந்தது. அன்று எடை மேடையில் நாற்பத்திரண்டு முப்பத்தொன்பது ஆகியிருந்தது.

முதலில் தராசுப் பிழை என்று நினைத்தான். அகல டயர் மாட்டினான், முப்பத்தாறு. காளியண்ணன் கரும்பலகையில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த லாரியைக் கூப்பிட்டார். வண்டி சரியாகச் சரியாக அவள் குறைகிறாள் என்பது இன்னாசிக்குப் புரிந்தது. இனி மிச்சமிருந்தது ஒரே வேலை. சக்கரங்களைத் திருப்ப ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் என்ற இரும்புக் கையைக் கழற்றி, வேலுச்சாமி லேத்தில் கடைந்து கொடுத்த நீளமான ஆர்மை மாட்டி, சக்கரம் திரும்பி முட்டும் இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். அதைச் செய்தால் முன்சக்கரம் இன்னும் அதிகமாகத் திரும்பும். வேகன் நாற்பது வளைவையும் ஒரே திருப்பில் எடுக்கும். பதினேழையும்.

அந்த ஆர்மை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தான். என்ன ஆச்சு என்று துரை கேட்டபோது சாமான் வரவில்லை என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்கள் குறைவு, அதனால் துரை நம்பினார். மூன்று மாசம் அப்படியே ஓடியது. அதற்குள் ஒரு கிழவரைக் கொண்டுபோகையில் பதினேழில் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் கண் செருகியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்னாசி அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு நடுவே எழுந்து போய், கட்டிலுக்கடியில் இருந்த மூட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே தள்ளினான்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. வழக்கமான நலம், நலமறிய ஆவல் அதில் இல்லை.

'உங்களுக்கு எழுதக் கூடாதென்று இருந்தேன். வந்த நாளிலிருந்தே என் உடம்பு எனக்குக் கனக்கவில்லை. இங்கே தராசில் ஏறினால் பன்னிரண்டு கிலோ காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள், அதுவும் பன்னிரண்டு. ஆள் பார்க்க அப்படியேதான் இருக்கிறேன். மணல்காற்று அடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். மூன்று வருஷம் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். இப்போது கொஞ்ச நாளாக ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏறி, பதினெட்டில் வந்து நின்றுவிட்டது. நோயாளியைத் தாங்கிப் பிடிக்கப் போனால் அவர்தான் என்னைத் தாங்க வேண்டியிருக்கிறது. இப்படியே இருந்தால் வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். என் மீதி உங்களிடம்தான் இருக்கிறதா? இருந்தால் மறைக்க வேண்டாம். முழுசாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்வேன். பாதியாக இருக்க முடியவில்லை.'

இன்னாசி கடிதத்தைப் பிரகாசிக்குப் படித்துக் காட்டினான். அவள் கொழுந்துக்கறை பிடித்த விரலால் கணக்குப் போட்டாள். பதினெட்டும் முப்பத்தாறும் ஐம்பத்தி நாலு. "எம்மவ எடை அதானே," என்றாள்.

"ஆமா."

"ஒங்கிட்ட ஏதோ ஒரு வேல மிச்சம் கெடக்குன்னு காளியண்ணன் சொன்னாரு."

"கெடக்கு."

"செஞ்சா எனக்கு இங்க தொட்டுப் பாக்க ஒண்ணும் இருக்காதுல்ல."

"இருக்காது, அத்தே. எனக்கும் இருக்காது."

பிரகாசி எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகினாள். "அந்தச் சாமான் எங்கருக்கு?" என்று கேட்டு, கட்டிலுக்கடியில் தானே குனிந்து எண்ணெய்த் துணி மூட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

மறுநாள் முழுக்க வண்டிக்கடியில் படுத்துக் கிடந்து வேலை பார்த்தான். பழைய ஆர்ம் லேசில் வரவில்லை, சுத்தியலால் அடித்து, சூடுகாட்டி, மறுபடி அடித்து, உச்சிவெயிலில் கழன்று நெஞ்சின் மேல் விழுந்தது. புதியதை மாட்டி நட்டை முடுக்கும்போது மேலே சீட்டு ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது, அவள் உட்கார்ந்த இடத்தில் அசைந்து உட்காரும்போது வரும் சத்தம். கையை நிறுத்திக் காத்திருந்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கடைசிச் சுற்றை முடுக்கினான்.

அதற்கு அடுத்த நாள் காலை, பனி விலகுகிற நேரத்தில், சுந்தராயி என்ற கொழுந்துக்காரிக்கு வலி கண்டது. தலைச்சன் பிள்ளை, குறுக்கே கிடந்தது, எஸ்டேட்டில் பார்க்க முடியாது. பின்னால் அவளைப் படுக்க வைத்துப் பிரகாசி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி நாற்பதாம் வளைவைத் திரும்பியது, நிற்காமல் திரும்பியது, முப்பத்தொன்பதைத் திரும்பியது, முப்பத்தெட்டைத் திரும்பியது, ஆற்றுத்தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு போவது மாதிரி அந்தப் பதினெட்டடி நீளமும் வளைந்து வளைந்து இறங்க, வழியில் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள், ஏறி வந்த பஸ் ஒதுங்கி வழிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கில் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைக் கை உணர்ந்தது. வலதுபக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று ஒவ்வொரு கல்லிலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பதினெட்டு தாண்டியது. பதினேழாம் கல் தெரிந்ததும் வழக்கம்போலக் கால் பிரேக்குக்குப் போனது. இறங்கிப் போய் எட்டிப் பார்க்க வேண்டும், மூன்று வருஷமாக, அதற்கு முன்னால் பதினோரு மாசமாக, அப்படித்தான். பின்னால் சுந்தராயி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அப்போது வலது ஜன்னல் பக்கமிருந்து, காற்றுச் சத்தத்துக்கு நடுவே, அந்தக் குரல் சொன்னது.

"வரலாம்."

ஸ்டியரிங்கை ஒடித்தான். முன்சக்கரம் இரண்டும் முழுசாகத் திரும்பின, வேகன் சாயாமல், தயங்காமல், பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரே வட்டமாக வந்து வளைவுக்குக் கீழ் ரோட்டில் நேரானது. பக்கத்து சீட்டின் மெத்தை, அமுக்கியவர் எழுந்துகொண்டால் எழும்புவது மாதிரி, மெதுவாக எழும்பி மட்டமானது. பாட்டரி இருக்கும் பக்கம் வண்டி லேசாக இழுத்தது. அடுத்த கல் வருவதற்குள் இன்னாசிக்கு அதுவும் பழகிவிட்டது.

"எந்திரிச்சிட்டாளா?" என்றாள் பிரகாசி பின்னாலிருந்து.

"ஆமா, அத்தே."

"செரி. நீ ரோட்டப் பாத்து ஓட்டு. இவளுக்கு நேரம் நெருங்குது."

பொள்ளாச்சியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை, தாயும் சுகம். பிரகாசி அங்கேயே தங்கிவிட, இன்னாசி தனியாக மலையேறினான். எடை மேடைக்கு அவன் போகவில்லை. காளியண்ணனே விஷயம் தெரிந்து கரும்பலகையின் கடைசி வரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தில் வேறெதையும் எழுதாமல் விட்டார். பெண்கள் ஒருவாரம் வரை ஜன்னலைப் பார்த்து வர்றோம் சிஸ்டர் என்றார்கள், பிறகு வாய்தவறிச் சொல்வதும் நின்றது. இடமில்லாத ஒருநாள், கையில் கட்டுப்போட்ட ஒருவன் இன்னாசியிடம் கேட்டுவிட்டு வலது முன்சீட்டில் உட்கார்ந்தான். பாட்டரியை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று வேலுச்சாமி சொல்லியனுப்பினார். இன்னாசி செய்துவிட்டான்.

இருபத்திரண்டாம் நாள் ஆபீஸ் டெலிபோனுக்கு அவள் பேசினாள். துரை எழுந்து வெளியே போய் நாற்காலியை அவனுக்கு விட்டார். மூன்று நிமிஷம்தான் என்று ஆபரேட்டர் சொன்னாள். லைனில் கடல் இரைவது மாதிரிச் சத்தம்.

"என்னங்க, ஐம்பத்தி நாலு," என்றாள் செசிலி. "இன்னிக்குக் காலையில பாத்தேன். தரை காலுக்குக் கீழ இருக்கு."

"நல்லது."

"பையில இருந்த கல்ல எல்லாம் எடுத்துப் போட்டுட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. சுந்தராயி புள்ளயத் தூக்கி வச்சிக்கிட்டுத் தர மாட்டேங்கறாங்க."

எப்ப வர்ற என்று கேட்கவேண்டும் என்று இருபத்திரண்டு நாளாக நினைத்து வைத்திருந்தான். கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டான். அவள் மூச்சு விடுவது கேட்டது. ஒரு நிமிஷம் அப்படியே போனது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னதில்ல," என்றாள் பிறகு. "அவளுக்கு நான் ஒரு பேரு நெனச்சு வச்சிருந்தேன். சொல்லிட்டா அவ போனது நெசமாயிடுமின்னு சொல்லாமலே வச்சிருந்தேன். இப்பச் சொல்லவா?"

"சொல்லு."

"அமலி."

இன்னாசி அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தான். கடல் இரைச்சல் அதிகமாகி லைன் அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து காத்திருந்தான், யாரோ பாறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டிருந்தார். இன்னாசி வண்டியை எடுத்தான். பதினேழாம் கல்லின் எதிரே, வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே, அமலி, என்றான். பின்னால் படுத்திருந்தவர் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"எம் பொண்ணு," என்றான் இன்னாசி.